இருபத்திரண்டாம் தட்டு

ரிஃப்ளக்ஸ் என்று அவருக்குப் பெயர் வைத்தது தொழிற்சாலை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் புழங்கியது. வடிக்கும் டவர்களில் ஒரு வழக்கம் உண்டு. உச்சியில் ஆவியாக வந்து குளிர்ந்து திரவமாவதை அப்படியே வெளியே அனுப்பிவிட மாட்டார்கள். பாதிக்கு மேல் திரும்ப உள்ளேயே ஊற்றி, இன்னும் சுத்தமாகி வா என்று விரட்டுவார்கள். அந்தத் திருப்பி ஊற்றலுக்குத்தான் ரிஃப்ளக்ஸ் என்று பெயர். இந்த மனிதர் பேசுவதும் அதே ரகம். வாய்வரை வந்த வாக்கியத்தில் முக்கால்வாசியை விழுங்கி, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, மிச்சத்தை மட்டும் வெளியே விடுவார். "டீ குடிக்கலாமா?" என்று கேட்டவர், பதில் வருவதற்குள் குடித்துமுடித்துக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருப்பார்.

படித்தது கெமிக்கல் இன்ஜினியரிங். ஆசைப்பட்டுப் படித்தார் என்று சொல்ல முடியாது. மதிப்பெண் எந்த வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டதோ அந்த வாசலுக்குள் நுழைந்தார். நுழைந்த பிறகு பிடித்துப்போனது. வேலைக்குச் சேர்ந்த இடம் மருந்துப் பொடி தயாரிக்கும் தொழிற்சாலை. பொடியை அசிட்டோன் ஊற்றிக் கழுவுவார்கள். நகப்பூச்சை அழிக்கப் பெண்கள் பஞ்சில் தொட்டுக்கொள்கிறார்களே, அதே அசிட்டோன்தான்; இங்கே தொட்டிக்கணக்கில். கழுவி முடித்ததும் அது தண்ணீர் கலந்து வீணாய்ப்போய் நிற்கும். அதை டவரில் ஏற்றிச் சூடாக்கினால் அசிட்டோன் மேலே போகும், தண்ணீர் கீழே தங்கும். டவருக்குள் முப்பது தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு தட்டிலும் ஏறும் ஆவியும் இறங்கும் திரவமும் கொடுக்கல் வாங்கல் நடத்தும்.

எந்தத் தட்டில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. கம்ப்யூட்டரில்தான் பார்க்க வேண்டும். அதுதான் ரிஃப்ளக்ஸின் வேலை. முப்பது தட்டுகளும் முதலில் ஆளுக்கொரு கணக்குச் சொல்லும். இது சொல்வது அதற்குப் பொருந்தாது, அது சொல்வது பக்கத்துத் தட்டுக்கு ஆகாது. கம்ப்யூட்டர் எல்லாரிடமும் திரும்பத் திரும்பப் போய், நீ கொஞ்சம் ஏறு, நீ கொஞ்சம் இறங்கு என்று சமாதானம் பேசும். கடைசியில் எல்லாத் தட்டும் ஒத்துப்போனால் திரையில் பச்சை விளக்கு எரியும். தொழில்காரர்கள் அதைக் கன்வெர்ஜ் ஆகிவிட்டது என்பார்கள். இதை ஒருமுறை அவர் வீட்டில் விளக்கப்போக, பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க வலிக்காரர்களிடம் பேசிவிட்டு வந்திருந்த அவர் மனைவி, "நம்ம வீடு எப்பங்க கன்வெர்ஜ் ஆகும்?" என்று கேட்டார். அவர் யோசிக்க ஆரம்பித்தார். பதில் இன்னும் வரவில்லை.

முதலில் அந்த வேலைக்குக் கம்பெனி ஒரு விலையுயர்ந்த மென்பொருளை வாடகைக்கு வைத்திருந்தது. வருடாவருடம் வாடகை ஏறியது. ஒரு வருடம் மேனேஜர் வாடகைச் சீட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார், அத்தோடு அது நின்றது. ரிஃப்ளக்ஸ் அப்போதுதான் திறந்த மூல மென்பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தார். யாரும் விற்பதில்லை, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்த்துத் திருத்தவும் செய்யலாம். முகம் தெரியாத பலர் சொந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதி வைத்தது. இவர் அதில் ஒரு சிறு பிழையைக் கண்டு அவர்களுடைய இணையப் பக்கத்தில் எழுதிப் போட, எந்தக் கண்டத்திலோ இருந்த ஒருவர் நன்றி சொல்லித் திருத்திவிட்டார். அன்று இவர் வீட்டுக்குச் சிரித்துக்கொண்டே வந்தார். உடம்புக்கு ஏதோ என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மச்சினனுக்கு இது பிடிபடவே இல்லை. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கும் ஆள் அவன்.

"சும்மா குடுக்குறானுங்களா மாமா? எதுக்கு?"

"எல்லாரும் பயன்படுத்தட்டும்னு."

"அப்ப அதுல ஏதோ இருக்கு. நானே ஒரு ஃபில்டர சும்மா குடுத்தேன்னா, அதுல ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

"மாப்ள, நீ காசுக்குக் குடுக்குறதுலயும் ஏதோ இருக்கே."

ரிஃப்ளக்ஸ் வாழ்க்கையில் யோசிக்காமல் உடனே சொன்ன பதில்களில் இது ஒன்று.

மேனேஜருக்கு இருந்த குறை வேறு. அவர் கணக்குச் சரியா தப்பா என்றெல்லாம் கவலைப்படும் ஆள் இல்லை. "தப்பாப் போனா யார் சட்டையப் பிடிக்கிறது?" என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. விலை கொடுத்து வாங்கினால் மென்பொருளோடு ஒரு சட்டையும் வருகிறது, மாட்டிக்கொண்டு நிற்க ஒரு விற்பனையாளரும் வருகிறார். இலவசத்தில் சட்டை இல்லை. இந்தத் தத்துவத்தில் ஓட்டை இருப்பதாக இதுவரை எந்த நிர்வாகப் படிப்பும் சொன்னதில்லை.

புதிதாக ஒரு மருந்துப் பொடி வந்தது. அதைக் கழுவிவிட்டு வரும் கலவையில் முன்னைவிடத் தண்ணீர் அதிகம். டவருக்குள் கலவை நுழையும் ஓட்டை பழைய கலவைக்காகப் போட்டது. ஓட்டைக்கு மேலே உள்ள தட்டுகள் அசிட்டோனையும் கீழே உள்ளவை தண்ணீரையும் சுத்தமாக்கும் என்பதால், புதியதற்கு அது சரிப்படாது. எந்தத் தட்டில் புது ஓட்டை போட வேண்டும் என்று கணக்கிட வேண்டும். வெளியிலிருந்து ஆலோசகரைக் கூப்பிடலாம் என்று மேனேஜர் கிளம்பினார். ரிஃப்ளக்ஸ் நெடுநேரம் உள்ளே சுற்றவிட்டு, "நான் பண்றேன் சார்" என்றார்.

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "பண்ணுங்க. ஆனா ஒண்ணு. சரியா வரலேன்னா அந்த ஓசிச் சரக்க எல்லா மெஷின்லேர்ந்தும் அழிச்சிருவேன். டவர் கணக்கெல்லாம் இனிமே ஆலோசகர்கிட்ட. நீங்க ஆவணப் பிரிவுக்குப் போயிருங்க. சம்மதமா?"

ஆவணப் பிரிவு என்பது மாடிப்படிக்குக் கீழே இருந்தது. வால்வுகளுக்குப் பெயர்ச்சீட்டு அடிப்பதும், பழைய வரைபடங்களை மடித்து வைப்பதும் அங்கே வேலை. அதில் உட்கார்ந்திருந்தவர் தலை நிமிர்ந்து பேசி யாரும் பார்த்ததில்லை, படிக்கட்டு இடிக்கும். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் அடுத்தபடியாக ரிஃப்ளக்ஸுக்கு இந்த உலகத்தில் பிடித்திருந்தது அந்தப் பச்சை விளக்குதான். அது போய்விடும்.

"சம்மதம் சார்."

கணக்குப் போட்டார். தட்டுத் தட்டாக மாற்றிப் பார்த்தார். விளக்கு எரிந்தது. முடிவை ஒரே வரியில் எழுதிப் பராமரிப்பு ஃபோர்மேனுக்கு அனுப்பினார்: புது ஓட்டை இருபத்திரண்டாம் தட்டில். சூட்டை நிறுத்தி, டவரைக் காலி செய்து, கழுவி, ஆவி போக்கி, ஃபோர்மேன் ஓட்டை போட்டுக் குழாய் பொருத்தினார். பிறகு டவர் ஓட ஆரம்பித்தது.

அசிட்டோன் ஈரமாக வந்தது.

தண்ணீர் அரைச் சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதைப்போல் பல மடங்கு இருந்தது. லேப் அக்கா என்று எல்லாரும் கூப்பிடும் கெமிஸ்ட் போனில் சொன்னார். "சார், உங்க அசிட்டோன்ல துணி ஊற வைக்கலாம். ஆனா அடியில வருதே தண்ணி, அது அம்புட்டுச் சுத்தம் சார். இவ்ளோ சுத்தமா இதுவரைக்கும் வந்ததே இல்ல."

அடியில் வரும் தண்ணீரைப் பாராட்டி யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. மேனேஜர் மறுநாள் மத்தியானம் கூட்டம் என்று சொல்லிவிட்டார். "ஓசியோட லட்சணம் தெரிஞ்சிருச்சு" என்பதையும் கூடவே சொன்னார்.

ரிஃப்ளக்ஸ் கணக்கை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார். அசிட்டோனும் தண்ணீரும் ஒன்றோடொன்று எப்படி ஒட்டும், எப்படிப் பிரியும் என்பதற்கான சூத்திரம் சரி. அழுத்தம் சரி. கலவையின் அளவு சரி. விளக்கு பச்சையாகவே எரிந்தது, கொஞ்சம் திமிராகக்கூட எரிந்ததாக அவருக்குத் தோன்றியது. அந்த மென்பொருளை எழுதிய முகம் தெரியாதவர்கள் மேலேயே ஒரு கணம் சந்தேகம் வந்து, உடனே வெட்கமும் வந்தது.

கூட்டத்தன்று காலையில் டீ குடிக்க வெளியே வந்தவர் தற்செயலாகத் தலையைத் தூக்கினார். டவர் வேலை முழுவதும் நடந்த நாள்களில் அவர் ஒருமுறைகூட டவர் பக்கம் போயிருக்கவில்லை. போக வேண்டும் என்று தோன்றவும் இல்லை. டவர் அவருடைய திரைக்குள் இருக்கும்போது வெயிலில் நிற்கும் நகலை எதற்குப் போய்ப் பார்ப்பது? இப்போது பார்த்தார். பளபளவென்று புதுக் குழாய், டவரின் கழுத்துக்குப் பக்கத்தில், ஆகாயத்தைத் தொடுகிற மாதிரி போய்ச் சேர்ந்திருந்தது.

அவர் கணக்கில் அது இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும்.

கோப்பையோடு ஓடிப்போய் ஃபோர்மேனைப் பிடித்தார்.

"அண்ணே, அந்தக் குழா ஏன் அங்க இருக்கு?"

"எது? நீங்க சொன்ன இருபத்திரண்டு."

"இருபத்திரண்டு கீழ வருமே!"

ஃபோர்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சார், கால் தரையில இருக்கு. ஏணி தரையிலேர்ந்து ஆரம்பிக்குது. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே ஏறினேன். இருபத்திரண்டு அங்கதான் வந்துச்சு."

"மேலேர்ந்து எண்ணணும்ணே."

"மேலேர்ந்தா? மேலேர்ந்து யார் சார் எண்ணுவா? ஆகாசத்துலேர்ந்து குதிச்சு வந்தவனா?"

"சாஃப்ட்வேர் மேலேர்ந்துதான் எண்ணும்."

"அதுக்குக் கால் இல்ல, எங்க வேணா நின்னு எண்ணும். எனக்கு ரெண்டு இருக்கு. அதுல ஒண்ணு வலிக்குது வேற." ஃபோர்மேன் கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "இப்ப என்ன சார், என் தலைல விடியுமா?"

ரிஃப்ளக்ஸ் கோப்பைக்குள் பார்த்தார். டீயில் ஆடை படிந்தது. பிறகு, "எந்தப் பக்கத்துலேர்ந்துன்னு நான் எழுதலையே" என்றார்.

"நானும் கேக்கலையே."

"நீங்க ஏன் கேக்கணும்? உங்களுக்கு ஒரே பக்கம்தானே இருக்கு."

இந்த உலகத்தில் டவர்களைத் தட்டுத் தட்டாக எண்ணுகிறவர்கள் இரண்டு சாதி. ஒரு சாதி நாற்காலியில் உட்கார்ந்து உச்சியிலிருந்து எண்ணும். இன்னொரு சாதி ஏணியில் நின்று அடியிலிருந்து எண்ணும். இரண்டும் ஒரே உணவகத்தில் சாப்பிடும், ஒரே பேருந்தில் வீட்டுக்குப் போகும். எண்ணும் திசையை மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? வேறு திசை ஒன்று இருப்பதே இருவருக்கும் தெரியாது.

ரிஃப்ளக்ஸ் மேசைக்குத் திரும்பினார். ஓட்டையைத் திரையில் இடுப்பிலிருந்து கழுத்துக்கு ஏற்றினார். முப்பது தட்டில் கீழிருந்து இருபத்திரண்டு என்றால் மேலிருந்து ஒன்பது. ஒன்பது என்று அடித்தார். தட்டுகள் சண்டை போட்டு ஓய்ந்தன. விளக்கு எரிந்தது. உச்சியில் வரும் அசிட்டோனில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்தார். நான்கு புள்ளி ஆறு சதவீதம். அடியில் வரும் தண்ணீரைப் பார்த்தார். அம்புட்டுச் சுத்தம்.

தொழிற்சாலையிலேயே அன்று மகிழ்ச்சியாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

கூட்டத்தில் மேனேஜரும் லேப் அக்காவும் ஃபோர்மேனும் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் பேச வாய் திறப்பதற்குள் ரிஃப்ளக்ஸ் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார். இத்தனை வருடத்தில் அவர் யாரையும் முந்திக்கொண்டு பேசியதாக வரலாறு இல்லை.

"சார், சாஃப்ட்வேர் சரியாத்தான் சொல்லியிருக்கு. ஓட்டைதான் இடம் மாறிப்போச்சு. மாறின இடத்துல போட்டா என்ன வரும்னு கேட்டேன். நாலு புள்ளி ஆறு தண்ணின்னு சொல்லுது. மேடம், லேப்ல என்ன வந்துச்சு? நான் இன்னும் கேக்கல."

லேப் அக்கா தன் சீட்டைப் பார்த்தார். "நாலு புள்ளி ஒண்ணு."

"பாத்தீங்களா சார்!" ரிஃப்ளக்ஸ் எழுந்தே விட்டார். "நாம தப்புப் பண்ணா எவ்ளோ தப்பா வரும்ங்கறதக் கூட கிட்டத்தட்டச் சரியாச் சொல்லுது!"

அறையில் யாருக்கும் எங்கே சிரிப்பது என்று தெரியவில்லை. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு நிமிஷம். சாஃப்ட்வேர் தப்பில்ல."

"இல்ல சார்."

"ஓட்டை தப்பு."

"ஆமா சார்."

"ஓட்டை தானா வந்து உக்காரல. அப்ப ஆள் தப்பு."

"ஆமா சார்."

"எந்த ஆள்?"

ஃபோர்மேன் மேசையின் மரத்தில் ஓடிய ரேகையைப் படித்துக்கொண்டிருந்தார். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று காலைவரை ரிஃப்ளக்ஸுக்குத் தப்பிக்க அருமையான வழி இருந்தது. இலவச மென்பொருள் சொதப்பிவிட்டது என்று உச்சுக்கொட்டியிருந்தால் யாருக்கும் காயமில்லை. அதற்கு வலிக்காது, அதன் சார்பில் வழக்குப் போட ஆளும் வராது. அதைக் காப்பாற்றுகிற குஷியில், மிச்சமிருக்கும் ஒரே குற்றவாளியாகத் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. அவர் உள்ளே சுற்றவிட்டார்.

"நான்தான் சார். எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணணும்னு எழுதல."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் கோபம் வருவதற்குப் பதிலாக ஒரு நிம்மதி பரவியதை லேப் அக்கா பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார்.

"இதத்தானே நான் முதல்லேர்ந்து கேட்டேன், யார் சட்டையப் பிடிக்கிறதுன்னு? இப்ப கிடைச்சிருச்சுல்ல. இனிமே அந்தச் சாஃப்ட்வேர நான் நம்பலாம்." ஃபோர்மேன் பக்கம் திரும்பினார். "டவர நிறுத்துங்க. சரியான இடத்துல ஓட்டை போடுங்க." பிறகு ரிஃப்ளக்ஸைப் பார்த்தார். "நம்பர் எழுதி அனுப்புறதெல்லாம் இனி கிடையாது. நீங்களே ஏறுங்க. நீங்களே சாக்பீஸால குறி போடுங்க. அரைச் சதவீதத்துக்குள்ள வந்தா உங்க சீட்டு உங்களுக்கு. இல்லேன்னா படிக்கட்டுக்குக் கீழ."

டவர் நின்று காலியானதும், ஒரு காலைப்பொழுதில் ரிஃப்ளக்ஸ் ஏணியில் ஏறினார். தலைக்கவசம் ஒரு சுற்றுப் பெரிது. ஒவ்வொரு படிக்கும் மூக்கில் வந்து உட்கார்ந்தது. கீழே ஃபோர்மேன் டார்ச்சோடு வந்தார்.

"கீழ பாக்காதீங்க சார்."

"பாக்கல."

"கண்ணையும் மூடாதீங்க. ஏணி தெரியணும்."

மேடைக்கு வந்ததும் ஃபோர்மேன் ஆள்நுழை துவாரத்தைத் திறந்து உள்ளே வெளிச்சம் அடித்தார். இத்தனை காலம் திரையில் கோடுகளாகப் பார்த்த தட்டுகள் துருவும் பிசுக்குமாக, நனைந்த நாய் மாதிரி நாற்றத்தோடு இருந்தன. ரிஃப்ளக்ஸ் மரியாதையாக ஒரு கணம் பார்த்தார். இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். மேலிருந்து இருபத்திரண்டு என்றால் கீழிருந்து ஒன்பது. ஒன்பதாம் தட்டுக்கு நேரே வெளிப்புற இரும்பில் அவர் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

போட்டுவிட்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன சார், இறங்கலாமா?"

"அண்ணே, கண்டென்சர் எங்க இருக்கு?"

உச்சியில் வரும் ஆவியைக் குளிர வைக்கும் கண்டென்சர் டவருக்குள் இல்லை. பக்கத்து இரும்புச் சட்டத்தில் தனியாகப் படுத்திருந்தது. ஃபோர்மேன் அதைக் கையால் காட்டினார்.

"சாஃப்ட்வேர் அதையும் ஒண்ணா எண்ணும்" என்றார் ரிஃப்ளக்ஸ். "அதுதான் முதல் தட்டு. அப்புறம்தான் நிஜத் தட்டு. நான் ஒரு தட்டு பிசகிட்டேன். அன்னைக்குக் கூட்டத்துலயும் பிசகிட்டேன். அதான் நாலு புள்ளி ஒண்ணு வராம நாலு புள்ளி ஆறு வந்திருக்கு."

"அப்ப எது?"

"பத்து. கீழேர்ந்து."

ஃபோர்மேன் குறியைப் பார்த்தார், மேலே ஒரு சாண் தள்ளிப் பார்த்தார். "ஒரு தட்டுதானே சார். தெரியவா போகுது?"

உண்மைதான். கீழ்ப் பக்கத்தில் ஒரு தட்டு ஏறினாலும் இறங்கினாலும் அசிட்டோனில் பெரிய வித்தியாசம் வராது. இது ரிஃப்ளக்ஸுக்கு ஃபோர்மேனைவிட நன்றாகத் தெரியும். அவர் காற்றில் சட்டை படபடக்க, ஏணியை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்தபடி யோசித்தார். பிறகு முழுக்கைச் சட்டையின் கையால் குறியை அழித்துவிட்டு மேலே போட்டார்.

"இதையும் போய் மேனேஜர்கிட்ட சொல்வீங்களா?"

"சொல்லாம?"

"உங்களை வச்சுக்கிட்டு என்ன சார் பண்றது" என்று ஃபோர்மேன் ஏணியில் காலை வைத்தார். "பாத்து இறங்குங்க. ஒரு படி விட்டு எண்ணிடாதீங்க."

மேனேஜரிடம் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, "ஒரே ஆளை எத்தனை தடவைதான்ப்பா நான் பிடிக்கிறது? போய் வேலையப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்.

டவர் மறுபடி ஓடியது. லேப் அக்காவின் போன் வரும்வரை ரிஃப்ளக்ஸ் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார். மேசையில் பென்சில்கள் குட்டையாகிக்கொண்டே போயின. போன் வந்தது. "சார், அரைக்குக் கீழ. இப்ப துணி ஊற வைக்க முடியாது." அவர் நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் வீட்டில் மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"என்னங்க சொன்னாங்க?"

"இருக்கச் சொல்லிட்டாங்க."

"பெரிய சீட்டா?"

"அதே சீட்டு."

"சம்பளம்?"

"அதே."

"அப்ப எதுக்குங்க முகம் இப்படிச் சிரிச்சுக்கிட்டிருக்கு?"

முகம் எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"நாளைக்கு ரெண்டாவது டவரையும் என்னையே பாக்கச் சொல்லியிருக்காங்க" என்றார்.